குவார்ட்டரும் கூலிதான்

(திருச்சியில் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, போதை மீட்பில் இளைஞர்களின் கடமை. கடமையைப் பற்றி நமக்கு ஏற்கெனவே நிறையப் பாடம் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் மாதம் வந்தால் கல்லூரி மைதானத்தில் வெயிலில் நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். எல்லாமே நம்முடைய மன உறுதியைப் பற்றிய பேச்சு. ஏற்கெனவே குடிநோயில் விழுந்துவிட்ட ஒருவர் எந்த வார்டுக்குப் போக வேண்டும், கூட யார் இருப்பது, அந்த நாட்களின் கூலியை யார் கொடுப்பது என்பதெல்லாம் அந்த மைதானத்தில் வருவதில்லை. இன்றைக்கு அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல். நான் 'குடிநோயாளி' என்று சொல்வேன், 'குடிகாரன்' என்று சொல்ல மாட்டேன். இது நாகரிகத்துக்காகச் சொல்வதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே, மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு சேர்ந்து வரும் மனநிலைகளையும் உள்ளடக்குகிறது. அப்படியென்றால் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு நோயாளி. சிகிச்சை அவருடைய உரிமை. யாரும் பார்த்துப் போடுகிற பிச்சை கிடையாது.

உரிமை எந்த அளவுக்குக் கைக்கு வருகிறது? டெல்லி எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2019இல் அறிக்கை வெளியானது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு, குடியால் வந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதி 179 பேர் எங்கே? வீட்டில், டாஸ்மாக் வாசலில், பேருந்து நிலையத் திண்ணையில்.

இந்த அறிக்கையை வெளியிட்டது ஒன்றிய சமூக நீதி அமைச்சகம். பட்டியல் சாதியினர் நலனைப் பார்ப்பதும் அதே அமைச்சகம்தான். இரண்டும் தனித்தனிக் கோப்புகள். இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் படிப்பதுதான் என் ஆய்வு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிக்கும் குடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் நம் ஊரில் உடனே ஒரு பதில் வரும். "அவனுங்க குடிச்சே அழியுறானுங்க." அமெரிக்காவின் பூர்வகுடிகளைப் பற்றி வெள்ளையர்கள் கட்டிய கதையும் இதுதான். அவர்களுடைய ரத்தத்திலேயே குடி இருக்கிறது என்றார்கள். நிலத்தைப் பறித்ததை அந்தக் கதைக்குப் பின்னால் ஒளித்தார்கள். இங்கே எல்லாச் சாதியிலும் குடிக்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும். மாடி வீட்டுக்காரர் குடித்தால் அது பார்ட்டி. முற்றிப்போனால் தனியறையில் சிகிச்சை, அக்கம்பக்கத்துக்குச் சொல்வது 'பிரஷர்' என்று. கூலித் தொழிலாளி குடித்தால் அவர் நடைபாதையில் விழுகிறார், எல்லோரும் பார்க்கிறார்கள். கண்ணில் படுகிற குடிக்கு மட்டும் சாதிப் பெயர் ஒட்டுகிறது.

ஆனால் இதைச் சொல்லி நிறுத்திவிட்டால் நாமும் பாதிதான் பேசுகிறோம். சில வேலைகளில் குடி கூலியின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. அதைப் பேச நம் இயக்கங்களிலும் கொஞ்சம் கூச்சம் உண்டு.

நம்மில் பலர் வளர்ந்த தெருவில் இதைப் பார்த்திருப்போம். ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்க, குழி வெட்ட, பாடை கட்ட ஆள் அனுப்புவார்கள். பணம் பேசுவதற்கு முன்பே பாட்டில் வந்துவிடும். செப்டிக் டேங்க் சுத்தம் செய்யக் கூப்பிடுகிறவர் முதலில் வாங்கிக் கொடுப்பதும் அதைத்தான். பிணவறை வேலையிலும் அதே கதை. நாற்றத்தைத் தாங்க, அருவருப்பைத் தாங்க, அந்த வேலையைச் செய்கிற தன்னைத் தானே தாங்க. கையுறை, முகக்கவசம், இயந்திரம் எல்லாம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு குவார்ட்டரைக் கொடுத்துவிட்டால் செலவு குறைவு.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 'டோப்' என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பங்கை மலிவான ஒயினாகக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை அளந்து ஊற்றுவார்கள். சட்டம் தடை செய்த பிறகும் பல பத்தாண்டுகள் அது ஓடியது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று அந்தப் பகுதி. அங்கே அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், எதிர்த்துப் போராடினார்கள். நம்மிடம் இருப்பதற்கு இன்னும் பெயர் இல்லை. 'மரியாதை' என்றும் 'வழக்கம்' என்றும் சொல்கிறோம்.

கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு குடியிருப்பில் நான் பேசப் பழகிய ஒரு அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்தவர். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு இலட்சக்கணக்கில் கூட்டம் வரும் இல்லையா, சொர்க்கவாசல் திறந்து கூட்டம் கலைந்த பிறகு உத்திர வீதியிலும் சித்திர வீதியிலும் கிடப்பதை அள்ளுகிறவர்களில் ஒருவர். இடையிடையே கூப்பிட்டால் தொட்டி வேலைக்கும் போவார், சாவு வேலைக்கும் போவார். "ஏண்ணே இப்படிக் குடிக்கிறீங்க" என்று முதல் சந்திப்பிலேயே ஆய்வாளர்த் திமிரோடு கேட்டேன். "ஏம்மா, குடிக்காம ஒரு தடவ உள்ள எறங்கிட்டு வா, அப்புறம் நாம பேசுவோம்" என்றார். இன்னொன்றும் சொன்னார். "கூலியில அம்பது நூறு கொறைப்பாங்கம்மா. பாட்டில்ல மட்டும் கொறையே வைக்க மாட்டாங்க."

அவரை வீட்டில் இரண்டு முறை தனியார் மீட்பு மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவருடைய மனைவி மகளிர் குழுக் கடன் வாங்கி மாதப் பணம் கட்டியிருக்கிறார். வண்டி அனுப்பினார்கள், நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். போனவுடன் மொட்டை. எதிர்த்துப் பேசினால் அடி. இதெல்லாம் பல மையங்களைப் பற்றியும் நான் கேட்ட கதைதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அங்கே தங்கியிருப்பவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், 'ஒழுக்கப் பயிற்சி' என்று. ஒருவருக்குச் சமையல், ஒருவருக்குத் தோட்டம், ஒருவருக்குக் கணக்கு நோட்டு. "வெளிய என்ன வேலைன்னு கேட்டாங்க, சொன்னேன். அங்கயும் கக்கூஸ் எனக்குத்தாம்மா."

தோழர்களே, சட்டம் இதையெல்லாம் பெயர் சொல்லியே தடுக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவை எல்லோரும் ஒரு தடவை படித்துவிடுங்கள். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, சொந்த உடை போட விரும்பினால் போடலாம். கட்டாய வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் அதற்கு ஊதியம் கொடுக்க வேண்டும். கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும் என்றுகூட இருக்கிறது. நோயாளியை வைத்துக் கழுவலாம் என்று எங்கும் இல்லை. 95ஆவது பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்து செத்த 28 பேரின் நினைவு அந்த வரியில் எனக்குத் தெரிகிறது. 89ஆவது பிரிவின்படி, தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்ப்பதற்கு உறவினர் கையெழுத்து மட்டும் போதாது. மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். வண்டியில் வந்து தூக்கிப்போகும் நாலு பேரில் யார் மனநல மருத்துவர்?

அடி உதையை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், இந்த முறை உயிருக்கே ஆபத்து. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படித்த நமக்கே தெரிவதில்லை. வருடக்கணக்காகத் தினமும் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் சிகிச்சை இல்லாமல் விட்டால் சாவு வரலாம். 'பேய் பிடிச்சிருச்சு' என்று கட்டி வைப்பதும், 'நடிக்கிறான்' என்று அடிப்பதும் இந்த நாட்களில்தான். இதற்கு மருந்து இருக்கிறது. குளோர்டையாசிபாக்சைடு போன்ற மாத்திரையை அளவாகத் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். அது குறைந்தால் மூளைக்கே நிரந்தரப் பாதிப்பு வரும். எல்லாம் விலை குறைந்த, பழைய மருந்துகள். பேருந்துப் பின்சீட்டிலும் சுவரிலும் ஒட்டியிருக்கிற 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' பொடியை மட்டும் தயவுசெய்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு உயிருக்கே வினையாகும். நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியது அது. சோற்றில் கலந்து கொடுக்கக் கூடியது கிடையாது.

அப்படியென்றால் அந்தப் பத்து நாள் எங்கே படுப்பது? நம் ஊரில் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவு இருக்கிறது. 2025 தொடக்கத்தில் மாநில அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. வரவேற்கிறேன், உண்மையாகவே. இதே அரசின் டாஸ்மாக் கடைகள் 2025இல் 4,700க்கும் மேல் இருந்தன. 2024-25இல் அவற்றிலிருந்து வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 25 என்ற எண்ணை இந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இங்கே கட்சி பார்க்க வேண்டாம். 2003இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது ஜெயலலிதா ஆட்சியில். பிறகு 2011இல் அவர் இதே ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரானார். 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவனைத் திருச்சியில் வீடு புகுந்து கைது செய்து, தேசத்துரோக வழக்குப் போட்டதும் அந்த ஆட்சிதான். அதற்குப் பிறகு வந்த ஆட்சிகளும் ஐந்நூறு கடையை மூடினோம் என்று அறிவித்தன. வருவாய் ஏறிக்கொண்டே போனது.

'அப்போ மதுவிலக்கு வேணும்ங்கிறீங்களா' என்று கேட்பீர்கள். என் பதில் இல்லை என்பதுதான், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1921இல் தன் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிய பெரியார், பின்னாளில் கட்டாய மதுவிலக்கை ஏற்கவில்லை. பம்பாய் சட்டமன்ற பட்ஜெட் விவாதத்தில், கல்வியைக் காட்டிலும் மதுவிலக்கு அவசரமா என்ற கேள்வியை எழுப்பினார் அம்பேத்கர். 2016இல் மதுவிலக்கு வந்த பீகாரில், சிறைக்குப் போவது ஏழை தலித்துகள்தான் என்று அங்கே முதலமைச்சராக இருந்த ஜீதன்ராம் மாஞ்சியே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நோயாளியைக் குற்றவாளி ஆக்கினால் அவர் மருத்துவமனைப் பக்கம் வரவே மாட்டார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் பகுதி. டாஸ்மாக் குவார்ட்டர் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தது அந்தப் பாக்கெட். குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் அறிவித்தபோது, 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குக் காசு' என்று எத்தனை பேர் எழுதினார்கள், நினைவிருக்கிறதா? என் கேள்வி வேறு. செத்தவர்களில் பலர் பல வருடம் உயிரோடு குடித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த வருடங்களில் ஒரு நாளாவது ஒரு சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து, 'மாத்திரை இருக்கு, வாங்க' என்று கூப்பிட்டிருந்தால்? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் திட்டம் 2021 முதல் நம்மிடம் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' குடிநோயாளியையும் தேடி வரலாம்.

கொள்ளிடக்கரை அண்ணன் கதைக்கு வருகிறேன். இரண்டு மையத்திலும் குடி நிற்கவில்லை. வெளியே வந்த முதல் வாரத்திலேயே ஊரில் ஒரு சாவு, கூப்பிட்டார்கள், பாட்டில் வந்தது. மூன்றாவது முறை வலிப்பு வந்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். பத்து நாள் வார்டு, பிறகு மாதம் ஒரு முறை புறநோயாளிச் சீட்டு, மாத்திரை. இதோடு ஒன்று நடந்தது. அவருடைய மச்சான் காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் எடை போடும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். மூட்டை, தராசு, துண்டுச்சீட்டு. நாற்றமில்லாத வேலை. நான் கடைசியாகப் பார்த்தபோது பதினாலு மாதம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு தடவை குடித்தார். மறுநாளே சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மாத்திரையை மாற்றுகிறோம், துரோகி என்று சொல்வதில்லை. இதற்கும் அப்படித்தான்.

அவருக்குச் சிக்கல் வந்தது வேறு பக்கம். சாவு வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். மேல்தெருவிலிருந்து ஆள் வந்தார்கள். "குடிய விட்டது சரி, ஊர் வேலைய எப்படி விடுவ?" அவருக்கு இரண்டும் ஒரே வேலை. பாட்டிலை வாங்காமல் அந்தக் குழியை அவரால் வெட்ட முடியாது.

பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் 3(1)(i) பிரிவைப் பாருங்கள். பட்டியல் சாதியினரைப் பிணம் தூக்கவோ, குழி வெட்டவோ செய்ய வைப்பது குற்றம். அதற்கு அடுத்த பிரிவு, மலம் அள்ள வைப்பது. நம் வழக்கறிஞர் தோழர்கள் இதைச் சாதி வழக்கில் எடுக்கிறார்கள். போதை மீட்பு ஆலோசகர் ஒருவர்கூட இதைத் தன் நோயாளிக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஃப்ரெண்ட்ஸ மாத்துங்க, யோகா பண்ணுங்க" என்கிறார்கள். அவருக்குக் கிடைக்க வேண்டிய ஆலோசனை, 'அந்த வேலைக்குப் போக மாட்டேன்னு சொல்ல உங்களுக்குச் சட்டம் இருக்கு, கூட நாங்க வர்றோம்' என்பது. அதைச் சொல்ல ஆள் நம்மிடம்தான் இருக்கிறது.

குடியை விட மாலை போடுகிறார்கள், கோயிலில் கயிறு கட்டுகிறார்கள், சர்ச்சில் சாட்சி சொல்கிறார்கள். பகுத்தறிவாளர்களான நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 48 நாள் ஒருவரைச் 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், கூட்டத்தோடு சாப்பிட வைக்கிறார்கள், வற்புறுத்திக் குடிக்க வைக்க ஆள் இல்லை. அதனால்தான் குடி நிற்கிறது. மாலையைக் கழற்றிய அன்று மரியாதையும் போய்விடுகிறது, குடி வந்துவிடுகிறது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் கடவுள் பேச்சு கொஞ்சம் அதிகம் பேசினாலும், ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பெயர் மட்டும்தான், வேறு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. காசும் கேட்பதில்லை. கட்டணமில்லாத, சாதி கேட்காத ஒரு மாலை நேரக் கூட்டம். நம் படிப்பகங்கள் வாரத்தில் ஆறு நாள் பூட்டித்தானே கிடக்கின்றன?

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். கடன் வாங்கியதும், சோறு கொண்டுபோனதும், அடி வாங்கியதும், வார்டு வாசலில் பத்து நாள் படுத்ததும் அந்த அக்காதான். அவருக்கு அந்தப் பத்து நாள் வீட்டு வேலைக் கூலியும் போயிற்று. சிகிச்சை காலத்துக்கு நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் நாள்கூலி கொடுக்காமல் 'இலவச சிகிச்சை' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி வேலை. நம் மாவட்டத்தில் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆவது பிரிவின்படி பதிவு பெற்ற போதை மீட்பு மையங்கள் எவை, ஒவ்வொன்றும் கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வு செய்யப்பட்டது, ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை உட்பட வட்ட மருத்துவமனைகளில் குடிநோயாளிக்கு எத்தனை படுக்கை, தயமின் ஊசி இருப்பு எவ்வளவு. இந்தக் கேள்விகளோடு தகவல் உரிமை மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். சென்னையில் உள்ள மாநில மனநல ஆணையத்துக்கு ஒன்று, மாவட்ட மருத்துவப் பணிகள் அலுவலகத்துக்கு ஒன்று. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போடாதீர்கள், தனித்தனியாகப் போடுங்கள். படிகள் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன. வில்லையும் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன், இருபது பேருக்குத் தேறும்.